இட்லியை விடுங்கள், சட்னியைப் பாருங்கள்

ரோட்டுக்கடைச் சாப்பாடு பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டார்கள். வந்த கடிதங்களைப் படித்து முடிக்கவே இரண்டு நாள் ஆனது. பாதிப் பேர் கடைக்காரர்களைத் திட்டியிருக்கிறார்கள், மீதிப் பேர் எந்தக் கடை நல்ல கடை என்று கேட்டிருக்கிறார்கள். கடைப் பெயர் மட்டும் சொல்ல மாட்டேன். நான் 31 வருடம் ஓர் அரசு ஆய்வகத்தில் தண்ணீரிலும் உணவிலும் இருக்கும் கிருமிகளை வளர்த்து எண்ணிக்கொண்டிருந்தவள். அதற்கு முன்னால் இட்லிக்கடைக்காரி மகள். அந்த இரண்டு கண்ணாலும் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

மகன் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். ராத்திரி தள்ளுவண்டி இட்லிதான். இந்த மாதம் இரண்டு முறை வயிற்றுப்போக்கு. ரோட்டுக்கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்று சொல்லிவிட்டேன். சரிதானே?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவன் கேட்கப்போவதில்லை. பதினொரு மணிக்குப் பசிக்கும்போது மெஸ் பூட்டியிருக்கும், வண்டியில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதனால் போகாதே என்பதைவிட, போனால் எதைச் சாப்பிடலாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

இட்லியில் வம்பு இல்லை. மாவு புளிக்கும்போதே அந்தப் புளிப்பு பல கிருமிகளுக்கு இருப்புக் கொள்ளாமல் செய்துவிடும். அதற்கு மேல் பத்து நிமிடம் கொதிக்கும் ஆவி. துணியிலிருந்து எடுத்து ஆவி பறக்கத் தட்டில் விழுகிற இட்லியைவிடப் பத்திரமான பண்டம் பெரிய ஓட்டலிலும் கிடைக்காது. என் சந்தேகமெல்லாம் அதன் பக்கத்தில் ஊற்றுகிற தேங்காய்ச் சட்னி மேல்தான்.

எங்கள் அம்மா மதுரையில் ஒரு பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சாயங்காலக் கடை போட்டிருந்தார். நாலு மணிக்கு ஆட்டுக்கல்லில் சட்னி அரைத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போவோம். தேங்காய், பொட்டுக்கடலை, பச்சைமிளகாய், உப்பு, குழாய்த் தண்ணீர். இதில் தேங்காயோ தண்ணீரோ அடுப்பைப் பார்ப்பதில்லை. தாளிப்பு என்பது மேலே ஊற்றுகிற இரண்டு கரண்டி எண்ணெய். அது வாசனைக்கு, கிருமிக்கு இல்லை. புளிப்பும் கிடையாது. ஈரமும் புரதமும் மதுரை வெயிலும் சேர்ந்தால், கிருமி வளர்க்கவென்றே ஆய்வகத்தில் நாங்கள் காசு கொடுத்து வாங்கிய வளர்ப்பு ஊடகத்துக்கு அது ஒன்றும் குறைந்ததில்லை.

கணக்கைப் பாருங்கள். ஈ.கோலை போன்ற கிருமி, எல்லாம் தோதாக அமைந்தால், 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். நாலு மணிக்கு ஒன்று இருந்தால் ஒன்பது மணிக்கு 32,768. எட்டரை வாக்கில் சட்னி கெட்டியாகிவிட்டது என்று குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் விட்டுக் கலக்குவோம். அந்தச் சொம்பை முக்குவது என் வேலை. கை கழுவியிருப்பேனா? எனக்கு அப்போது பத்து வயது.

ஊசிப்போனால் தெரியாதா என்பீர்கள். சட்னி நுரைப்பது, சோறு நூல் விடுவது, குழம்பு நாறுவது எல்லாம் கெட்டுப்போக வைக்கும் கிருமிகளின் கைங்கரியம். வயிற்றைக் கெடுக்கும் கிருமி பெரும்பாலும் வாசனையைக் கெடுக்காது. ருசியாகவே இருக்கும், அதுதான் தொல்லை.

மகனிடம் சொல்லுங்கள்: இட்லிக்குப் பொடியும் எண்ணெயும். இல்லாவிட்டால் அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கும் சாம்பார், அல்லது நன்றாக வதக்கி அரைத்த தக்காளிச் சட்னி. தேங்காய்ச் சட்னிதான் வேண்டும் என்றால் ஆறு மணிக்கே போகட்டும். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். அது கைக்குக் கிடைக்கும்வரை, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இரண்டும் தலைதட்டி. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரி.

பானிபூரித் தண்ணீர் புளி, எலுமிச்சை, புதினா எல்லாம் போட்டதுதானே? புளிப்பில் கிருமி சாகும் என்கிறார்களே?
– கல்லூரி மாணவி, விருதுநகர்

சாகாது. பெருக முடியாமல் தவிக்கும், அவ்வளவுதான். காலராக் கிருமி புளிப்பைத் தாங்காது என்பது சரி. ஆனால் சீதபேதி தருகிற ஷிகெல்லா அமிலத்துக்கு அசராத ஜாதி. வயிற்றுக்குள் இருக்கும் அமிலத்தையே தாண்டிப் போகிறதே. 10 முதல் 100 கிருமி உள்ளே போனாலே ஆளைச் சாய்த்துவிடும், பெருகவேண்டிய அவசியமே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவை, ஆர்வம் தாங்காமல், ஒரு பானிபூரி வண்டியிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்து வந்தேன். ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில் என்று ஒன்று உண்டு. உள்ளே மருந்து ஏற்றிய காகிதத் துண்டு இருக்கும், சந்தேகமான தண்ணீரை ஊற்றி வைத்தால் மலக் கிருமி இருக்கும்போது கறுத்துவிடும். நம் ஊரில் கண்டுபிடித்த முறைதான், 1982-ல் வெளியானது. கேனிலிருந்து எடுத்த தண்ணீர் மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தது. கரண்டியையும் விரலையும் முக்கி எடுக்கிற வாளித் தண்ணீர் தார் மாதிரி கறுத்திருந்தது. இரண்டும் ஒரே கேன் தண்ணீர்தான். ஒன்று கையைப் பார்க்கவில்லை, மற்றது சாயங்காலம் முழுக்கக் கையைப் பார்த்திருக்கிறது.

இன்னொன்று, தண்ணீரையே எல்லோரும் குற்றம் சொல்கிறீர்கள். உருளைக்கிழங்கு மசாலை யாரும் கவனிப்பதில்லை. அவித்து, கையால் பிசைந்து, மதியம் இரண்டிலிருந்து ஒரு சட்டியில் திறந்து கிடக்கும். அதில் புளிப்பும் இல்லை.

கையுறை போட்டுப் பரிமாறுகிற கடை என்றால் நம்பலாமா?
– ஒரு வாசகர், சிவகாசி

அதே கையுறையோடு சில்லறை கொடுக்கிறாரா, மூக்கைத் தேய்க்கிறாரா, வண்டிச் சக்கரத்துக்குக் கல் வைக்கிறாரா என்று இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். கையுறை போட்டவருக்குக் கை அழுக்கானது தெரியாது. வெறுங்கைக்காரருக்குப் பிசுபிசுவென்றாவது இருக்கும், கழுவத் தோன்றும்.

எப்போது வயிறு கெட்டாலும் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத்தான் திட்டுகிறோம். அது நியாயமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், காரைக்குடி

நல்ல கேள்வி ஐயா. பெரும்பாலும் நியாயமில்லை. நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு தீபாவளி சமயம் ராத்திரி தோசை சாப்பிட்டுவிட்டு வந்தேன், மறுநாள் காலை எழ முடியவில்லை. தோசைக்காரரை மனசுக்குள் வைதுகொண்டே கிடந்தேன். பிறகு விசாரித்தால், இரண்டு நாள் முன்பு நாங்கள் போன ஒரு காதுகுத்து விருந்தில் சாப்பிட்ட ஏழெட்டுப் பேருக்கு இதே கதி. தோசைக்காரர் பாவம், கல்லில் சுட்டுக் கொடுத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

நேரத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். சாப்பிட்டு அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குபீரென்று வாந்தி என்றால், கிருமி முன்பே உணவில் நஞ்சைக் கக்கி வைத்திருந்தது என்று பொருள். ஸ்டாபிலோகாக்கஸ் அப்படித்தான், விரலில் இருக்கும் புண், சீழ், மூக்கு இங்கிருந்து வரும். எட்டிலிருந்து பதினாறு மணி நேரத்தில் வயிற்றை முறுக்கிப் பேதி என்றால், அண்டாவில் வெதுவெதுப்பாகக் கிடந்த குழம்போ சால்னாவோ. சால்மோனெல்லா என்றால் ஆறு மணி நேரத்திலிருந்து சில நாள் வரை ஆகலாம். ஷிகெல்லாவுக்கு ஒன்றிரண்டு நாள். டைபாய்டு வாரக்கணக்கில் உள்ளே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் காய்ச்சலைக் காட்டும். எந்தக் கடையில் வாங்கிக்கொண்டோம் என்று உங்களுக்கு நினைவே இருக்காது.

ஃப்ரைடு ரைஸ் எங்கள் கண் முன்னால்தான் பெரிய தீயில் வறுக்கிறார்கள். அதில் என்ன வரப்போகிறது?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

வாணலியில் விழுவதற்கு முன்னால் அந்தச் சோறு எங்கே இருந்தது? உதிரியாக வரவேண்டும் என்று காலையிலேயே வடித்துக் கூடையில் கொட்டி ஆறப் போட்டிருப்பார்கள். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமி வித்து வடிவத்தில் உறங்கும். கொதிக்கும் உலையும் அதை எழுப்புமே தவிரக் கொல்லாது. சோறு ஆறியதும் முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு 121 டிகிரிச் சூட்டிலேயே ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும், உங்கள் கடைக்காரர் வறுக்கிற மூன்று நிமிடம் அதற்கு எம்மாத்திரம்? 1971-ல் இங்கிலாந்தில் சீன உணவகங்களில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவர்கள் வரிசையாக வாந்தியெடுத்தபோதுதான் இதைப் பிடித்தார்கள்.

நம் வீட்டுப் பழைய சோற்றையும் இதில் சேர்த்து வையாதீர்கள். அது தண்ணீரில் ஊறிப் புளிக்கிறது, சங்கதி வேறு.

கரும்புச்சாறு, சர்பத்தில் போடுகிற ஐஸ் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– இல்லத்தரசி, மேலூர்

கிருமிக்குக் குளிர் என்பது தூக்கம்தான், சாவு இல்லை. ஐஸ் கரைந்ததும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். மீன் அடுக்குவதற்கும் பிணப்பெட்டிக்கும் செய்கிற ஐஸ் குடிதண்ணீரில் செய்ததாக இருக்கவேண்டியதில்லை. அது சர்பத் கடைக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் சாப்பிட உதவாத ஐஸில் நீலச்சாயம் கலக்கவேண்டும் என்று 2018-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. நீலமாக இருந்தால் தொடாதீர்கள். நீலமாக இல்லை என்பதற்காக நம்பியும் விடாதீர்கள். கட்டி ஐஸைச் சாக்கில் சுற்றித் தரையில் போட்டு உடைக்கிறார் என்றால், ஆலையில் எவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாலும் இங்கே முடிந்தது கதை. ஐஸ் இல்லாமல் கேளுங்கள். கரும்பைக் கண் முன்னால் தோல் சீவிப் பிழிகிறாரா, உருளையில் ஈ மொய்க்கிறதா, இதையும் பாருங்கள்.

மயோனைஸுக்குத் தமிழ்நாட்டில் தடை போட்டது எதற்காக?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், தேனி

பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத்தான் தடை, 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அறிவித்தார்கள். முட்டையில் சால்மோனெல்லா இருக்கலாம், மயோனைஸ் அடுப்பில் ஏறுவதே இல்லை. ஷவர்மாவிலும் அதே கதைதான்: வெளிப்பக்கம் வெந்திருக்கும், கூட்டம் நெருக்கினால் வேகாத உள்பக்கம் வரை சீவிவிடுவார்கள். 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட ஒரு மாணவி இறந்துபோனார், பலர் நோயில் விழுந்தார்கள். அங்கே கண்டது ஷிகெல்லா.

சமைக்கிறவர் திடகாத்திரமாக இருக்கிறார், ஒரு தும்மல்கூட இல்லை. அப்போது பயமில்லைதானே?
– ஒரு வாசகி, ராஜபாளையம்

நியூயார்க்கில் மேரி மேலன் என்றொரு சமையற்காரி இருந்தார். அவர் வேலை பார்த்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் டைபாய்டு வந்தது, அவருக்கு மட்டும் ஒன்றுமில்லை. 1907-ல் பிடித்துத் தனியாக வைத்தார்கள். இனிமேல் சமைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து 1910-ல் வெளியே வந்தார். 1915-ல் பார்த்தால் வேறு பெயரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் சமைத்துக்கொண்டிருக்கிறார், அங்கேயும் டைபாய்டு. மறுபடி பிடித்து, 1938-ல் சாகும்வரை தனிமைதான். எனக்கு அவர் மேல் இரக்கம் உண்டு. சமையலைத் தவிர வேறு என்ன தொழிலில் அந்தச் சம்பளம் கிடைத்திருக்கும்?

இதில் நான் கவனித்தது வேறு. அவர் கையால் வெந்து இறங்கிய பண்டங்களில் பெரிய ஆபத்தில்லை. பச்சையாகப் பீச் பழம் நறுக்கிப் போட்டுச் செய்த ஐஸ்கிரீமைத்தான் விசாரணை அதிகாரி சந்தேகப்பட்டார். நம் கடைகளில் அந்த இடத்தில் இருப்பவை நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, மாங்காய்ப் பத்தை, வெள்ளரி. எல்லாம் அடுப்பைவிட்டு இறக்கிய பிறகு கை தூவுகிற சமாச்சாரங்கள்.

நாற்பது வருடமாக ரோட்டுக்கடையில்தான் சாப்பிடுகிறேன். என் வயிறு கல்லையும் செரிக்கும். எனக்கும் கிருமி வருமா?
– லாரி ஓட்டுநர், நாமக்கல்

அண்ணே, பழகிய வயிறு என்பது பாதி உண்மை. உள்ளூர்க் கிருமிகள் சிலதோடு உங்கள் உடம்பு ஏற்கெனவே மல்லுக்கட்டியிருக்கும். ஆனால் அந்தப் பழக்கம் அறிமுகமான கிருமிக்குத்தான் செல்லும். 1992-ல் சென்னையில் ஒரு புதுக் காலரா தலைகாட்டியது, ஓ139 என்று பின்னால் பெயர் வைத்தார்கள். பழைய காலராவைக் கண்டுபிடிக்க ஆய்வகங்கள் வைத்திருந்த சீரம் (கிருமியோடு கலந்து அதை அடையாளம் காணும் திரவம்) அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நாங்கள் எல்லாம் அப்போது இளசுகள், சீரம்தான் கெட்டுப்போய்விட்டதோ என்று முழித்தோம். அந்தக் காலரா வங்காளம், வங்கதேசம் வரை போனது. அதில் விழுந்தவர்களில் நிறையப் பேர் உங்களைப் போல வயிறு பழகிய பெரியவர்கள்தான்.

நானும் வீட்டுக்காரரும் சாயங்காலம் புரோட்டா, தோசைக் கடை போடுகிறோம். ஒரு நாளைக்கு எட்டுக் குடம் தண்ணீர்தான் கிடைக்கும். சுத்தம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் வீட்டில் வாஷ்பேசின் வைத்திருக்கிறவர்கள். எட்டுக் குடத்தில் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.
– கடை நடத்தும் வாசகி, ஊர் வேண்டாமாம்

இந்தக் கடிதத்துக்காகத்தான் இந்தப் பகுதியே எழுத உட்கார்ந்தேன் தங்கச்சி. எங்கள் அம்மாவுக்கு ஆறு குடம்.

முதலில் ஒரு குடத்தைக் கைக்கென்று ஒதுக்குங்கள். வாளியில் வேண்டாம், அடியில் குழாய் வைத்த சின்ன டிரம்மில். பக்கத்தில் கயிற்றில் கட்டி ஒரு சோப்பு. வாளியில் முக்குகிற முதல் கை மட்டும்தான் சுத்தமாகும், அதற்கப்புறம் அந்த வாளியே கிருமிக்குப் பொதுச் சாவடி. குழாய் என்றால் தண்ணீரும் பாதிதான் செலவு.

குடிக்க இரண்டு குடம். குளோரின் மாத்திரை அட்டையில் போட்டிருக்கிற அளவுக்குப் போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். லேசாக மருந்து வாசனை வந்தால்தான் நல்லது. வாடிக்கையாளர் முகம் சுளித்தால், வாசனை இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று தைரியமாகச் சொல்லுங்கள். சொம்பை உள்ளே விட வேண்டாம், சரித்து ஊற்றுங்கள்.

சமைக்க இரண்டு. மிச்சம் மூன்று தட்டுக்கு. தட்டின் மேல் வாழையிலைத் துண்டோ மந்தாரை இலையோ போட்டுவிட்டால் அந்த மூன்றும் தாராளம். (பிளாஸ்டிக் தாள் 2019 ஜனவரியிலிருந்து தடை, அது உங்களுக்கே தெரியும்.) இலை கிடைக்காத நாளில், எச்சிலைத் தட்டிவிட்டுச் சோப்புத் தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர், கடைசியாகத் தோசைக்கல்லுக்குப் பக்கத்திலேயே கொதிக்கிற தண்ணீர். கழுவிய தட்டைத் துணியால் துடைக்காதீர்கள், கவிழ்த்து வையுங்கள், தானே காயட்டும்.

துணியைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும். ஆய்வகத்துக்கு வந்த மாதிரிகளில் எனக்கு அருவருப்பு வந்தது ஒரே ஒரு முறைதான், ஒரு கடையின் மேசை துடைக்கிற துணியைப் பிழிந்த தண்ணீரைப் பார்த்தபோது. அதை வளர்த்துப் பார்த்தால் காலனிகளை, அதாவது கிருமிக் கூட்டங்களை, எண்ணவே முடியவில்லை, ஆய்வகத் தட்டு முழுக்க ஒரே பாய் விரித்த மாதிரி. நாலு துணி வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு ஒன்று, மேசைக்கு ஒன்று, பாதி வியாபாரத்தில் இரண்டையும் மாற்றிவிடுங்கள். ராத்திரி நாலையும் கொதிக்க வைத்துக் காயப் போட்டால் போதும்.

சால்னா அடுப்பிலேயே இருக்கட்டும், தளதளவென்று. 60 டிகிரிக்கு மேலே இருந்தால் கிருமி பெருகாது. கை பொறுக்கிற சூடு என்றால் குறைந்துவிட்டது என்று அர்த்தம். நேற்று மீந்ததை இன்றைய சால்னாவில் ஊற்றும் வழக்கம் பல கடைகளில் உண்டு, ருசி ஏறும் என்பார்கள். கிருமியும் ஏறும், விட்டுவிடுங்கள். தேங்காய்ச் சட்னியை மொத்தமாக அரைக்காமல் இரண்டு ஈடாக அரையுங்கள், இரண்டாவது எட்டு மணிக்கு மேல். மிக்சிக்கு மின்சாரம் இல்லையென்றால் இரண்டாவது ஈட்டுக்கு வதக்கிய தக்காளிச் சட்னி. முட்டை உடைத்த கையால் வெங்காயம் அள்ளக் கூடாது.

காசு வாங்குவது வீட்டுக்காரர், பரிமாறுவது நீங்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இப்போது பாதிப் பேர் க்யூஆர் அட்டையில்தான் பணம் போடுகிறார்கள். அது கிருமிக்காக வந்ததில்லை என்றாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

உங்களில் யாருக்காவது பேதியோ காய்ச்சலோ விரலில் சீழ்ப்புண்ணோ இருந்தால் அன்றைக்குக் கடை வேண்டாம். ஒரு நாள் வருமானம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொல்கிறேன். எங்கள் அம்மா ஒரு முறை அப்படிக் கடை போட்டார், அந்த வாரம் எங்கள் தெருவிலேயே நாலு பேர் படுத்தார்கள். யாரும் அம்மாவைச் சந்தேகிக்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நான் படித்து வேலைக்குப் போன பிறகு ஒரு நாள் என்னிடம் மட்டும் கேட்டார், அது நம்மளாலதானா என்று.

நீங்கள் ரோட்டுக்கடையில் சாப்பிடுவதுண்டா?
– பல வாசகர்கள்

வாரத்தில் இரண்டு நாள். எங்கள் தெருமுனையில் ஒரு வண்டி. ஈடு இறக்குகிற நேரம் பார்த்துத்தான் போவேன். நாலு இட்லி, பொடி, எண்ணெய். முன்பெல்லாம் சட்னி வேண்டாம் என்றால் அண்ணாச்சிக்குக் கோபம் வரும். இப்போது என்னைக் கண்டதும், "ஆய்வகத்தம்மாவுக்குப் பொடி" என்று குரல் கொடுத்துவிடுகிறார். நான்கு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவராவது தன் தட்டில் இருக்கும் சட்னியை முகர்ந்து பார்க்கிறார். முகர்ந்தால் தெரியாது என்று அங்கே நின்று பாடம் நடத்தினால் அண்ணாச்சிக்கு வியாபாரம் கெட்டுவிடும், பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.